பதினைந்து பாலிப்கள்: தீங்கற்ற பித்தப்பைக் கட்டிகளில் புரதக் குறிப்பான்கள் – ஒரு மறுபார்வை

பித்தப்பையின் உட்சுவரில் முளைக்கும் சிறு கட்டி பின்னாளில் புற்றாக மாறுமா? பெருங்குடலைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. அடினோமா எனப்படும் சுரப்பிக் கட்டிதான் அங்கே பெரும்பாலான புற்றுகளுக்குத் தாய். கொலனோஸ்கோப்பியில் அதைக் கண்டு கிள்ளி எடுத்துவிட்டால் வரவிருந்த புற்று வராமல் போகும். அந்த மாற்றம் மரபணு மரபணுவாக எப்படி நடக்கிறது என்பதை 1990இல் ஃபியரனும் வோகல்ஸ்டீனும் படிவரிசையாக்கிக் காட்டினார்கள். குடலுக்குப் பொருந்தியது பித்தப்பைக்கும் பொருந்தும் என்று எதிர்பார்த்ததில் தவறில்லை. இரண்டும் செரிமானப் பாதையைச் சேர்ந்தவை. இரண்டிலும் அடினோமாவும் உண்டு, அடினோகார்சினோமா எனப்படும் சுரப்பிப் புற்றும் உண்டு.

பொருந்தியதா என்பதில்தான் நாற்பது ஆண்டுகளாக வழக்கு நடக்கிறது. திசுவில் உள்ள புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கும் முறை பரவிய பிறகு கேள்வி இன்னும் கூர்மையானது: புற்றில் தென்படும் புரதங்கள் தீங்கற்ற கட்டியிலும் தென்படுகின்றனவா? தென்பட்டால் இரண்டுக்கும் உறவு உண்டு, தென்படாவிட்டால் இல்லை என்று கொள்ளலாம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்த விடைகள் மூன்று பக்கமாகப் பிரிந்து நிற்கின்றன. சாயங்களின் குறைபாடு இந்தப் பிளவுக்கு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், 'தீங்கற்றவை' என்ற தலைப்பின்கீழ் எவற்றையெல்லாம் சேர்த்து எண்ணினார்கள் என்பது. ஆய்வுகளை வரிசையாக வைத்துப் படிக்கும்போது அப்படித்தான் தோன்றுகிறது.

பாலிப் என்ற கூடை

வயது வந்தவர்களில் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவருக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பித்தப்பைப் பாலிப் தெரிகிறது. அறிக்கையில் அந்தச் சொல்லைப் பார்த்துக் கலங்காதவர் குறைவு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கட்டியே இல்லை. பாதிக்கு மேற்பட்டவை கொலஸ்ட்ரால் பாலிப்கள்: கொழுப்பை விழுங்கிப் பருத்த நுரைச்செல்கள் ஓரிடத்தில் குவிந்திருக்கும், அவற்றின் மேல் இயல்பான எபிதீலியம் என்ற மேற்பரப்புச் செல் படலம் போர்த்தியிருக்கும். அடுத்தது அடினோமயோமடோசிஸ். பெயரைக் கேட்டால் கட்டிபோல ஒலிக்கிறது. உண்மையில் அது சுவரின் தசையும் மடிப்புகளும் தடித்துப்போன நிலை. அழற்சியால் வரும் பாலிப்கள் இன்னொரு பங்கு. உண்மையான அடினோமா, அறுவையில் எடுக்கப்படும் பித்தப்பைகளில் ஆயிரத்துக்கு மூன்று முதல் ஐந்து வரைதான் கிடைக்கிறது.

ஆய்வுக் கட்டுரைகளில் இந்த வேறுபாடு அடிக்கடி மங்கிவிடுகிறது. 'பாலிப்' என்ற ஒரே பத்தியில் கொலஸ்ட்ரால் குவியலும் அடினோமாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். புற்றோடு தொடர்புடைய ஒரு புரதம் 'தீங்கற்ற பாலிப்களில் இல்லை' என்று அந்தக் கட்டுரை முடித்தால், அதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? நுரைச்செல் குவியலில் புற்றுப் புரதம் இல்லை என்று நிறுவுவது, திண்ணையில் மீன் இல்லை என்று நிறுவுவதைப் போன்றது.

அடினோமாவுக்குள்ளும் சாதிகள் உண்டு. இரைப்பையின் கடைவாயில் உள்ள சுரப்பிகளைப் போன்ற தோற்றம் கொண்ட பைலோரிக் சுரப்பி அடினோமா இவற்றில் மிகுதி. குடல் சவ்வைப் போன்ற வகை, பித்தநாளச் சவ்வைப் போன்ற காம்பு வகை ஆகியவை குறைவு. இவை ஒரே நோயின் மூன்று முகங்களா, மூன்று வெவ்வேறு நோய்களா என்பதே ஒரு கிளை வழக்கு.

சாயம் எதைச் சொல்கிறது

முறையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைத் திசுச் சீவலின் மேல் ஊற்றி, அது எங்கே ஒட்டியது என்பதை நிறத்தால் காட்டுவது இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி. ஆய்வகப் பேச்சில் ஐஎச்சி. 1940களில் ஆல்பர்ட் கூன்ஸ் ஒளிரும் சாயம் பூட்டிய எதிர்ப்பொருள்களோடு இதைத் தொடங்கினார். 1975இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு உற்பத்தி செய்யும் வழியைக் கண்டார்கள். 1991இல், ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பொதித்த பழைய திசுவைச் சூடாக்கினால் மறைந்திருந்த புரதங்கள் மீண்டும் பிடிபடும் என்பது தெரியவந்தது. அதன்பின் மருத்துவமனைகளின் அலமாரிகளில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த மெழுகுக் கட்டைகள் எல்லாம் ஆய்வுப் பொருளாயின. பித்தப்பை அடினோமாவைப் போன்ற அரிய கட்டிக்கு அது பெரிய வரம்.

ஆனால் பித்தப்பை ஒரு சங்கடமான உறுப்பு. உள்ளே தேங்கியிருக்கும் பித்தநீர், உறுப்பை வெளியே எடுத்த சில மணி நேரத்துக்குள் உட்சவ்வைக் கரைத்துச் சிதைக்கத் தொடங்கிவிடும். ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் ஊறும். பையைத் திறந்து பித்தநீரை வடிக்காமல் அப்படியே ஜாடியில் போட்டுவிட்டால், வெளிச்சுவர் பதப்படும்போதே உட்சவ்வு அழிந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட கட்டையில் 'சாயம் ஏறவில்லை' என்பதற்குப் புரதம் இல்லை என்றும் பொருள் கொள்ளலாம், புரதம் கெட்டுப்போயிற்று என்றும் பொருள் கொள்ளலாம். எத்தனை மணி நேரத்தில் பதப்படுத்தினார்கள் என்ற குறிப்பு கட்டுரைகளில் அரிதாகவே இருக்கிறது.

முதல் விடை: ஒரே ஏணி

அடினோமாவே புற்றின் முன்னோடி என்ற நிலைப்பாட்டுக்கு அடித்தளம் 1982இல் ஜப்பானிலிருந்து வந்தது. கொசுகாவும் உடன் பணியாற்றியவர்களும் 1,605 பித்தப்பைகளை ஆராய்ந்தார்கள். 11 தீங்கற்ற அடினோமாக்கள், புற்று மாற்றம் தொடங்கிய 7 அடினோமாக்கள், ஊடுருவிய 79 புற்றுகள் கிடைத்தன. அந்த 79இல் 15 புற்றுகளின் ஓரத்தில் அடினோமாவின் எச்சம்போல ஒன்று தெரிந்தது. தீங்கற்றவை சராசரியாக 5.5 மில்லிமீட்டர், மாற்றம் கண்டவை 17.6 மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவே 12 மில்லிமீட்டரில் ஒரு கோடு போடலாம் என்றார்கள். இன்று உலகெங்கும் அறுவைக்கு எல்லையாகச் சொல்லப்படும் 10 மில்லிமீட்டர் என்ற அளவுக்குத் துணைநிற்கும் ஆதாரங்களில் இந்தச் சிறு தொகுதியும் ஒன்று.

புரதக் குறிப்பான்கள் வந்தபோது இந்த ஏணிக்குப் படிகளைப் பொருத்தும் வேலை தொடங்கியது. முதலில் நின்றது பி53. இயல்பான செல்லில் இந்தப் புரதம் சில நிமிடங்களில் அழிந்துவிடுவதால் சாயத்தில் அதிகம் தெரியாது. மரபணு பிறழ்ந்தால் பெரும்பாலும் அழியாமல் உட்கருவில் குவியும். பித்தப்பைப் புற்றுகளில் பாதிக்கு மேல் இந்த மரபணு பிறழ்ந்திருக்கிறது. இரண்டாவது, பெருகும் செல்களை எண்ணும் கேஐ-67. ஜெர்மனியின் கீல் நகரத்தில், எதிர்ப்பொருள் தட்டின் 67ஆம் குழியில் கிடைத்ததால் வந்த பெயர் அது. ஊர்ப் பெயரும் குழி எண்ணும் சேர்ந்து உலகத்து நோயியல் அறிக்கைகளில் எல்லாம் ஏறிவிட்டன. மூன்றாவதாகக் குடற்புற்றிலிருந்து கடன் வாங்கிய சிஇஏ, கணையத்திலிருந்து கடன் வாங்கிய சிஏ 19-9.

இந்த ஆய்வுகளின் பொதுவான முடிவு ஒரே சாய்தளம்தான். அழற்சியில் மிகக் குறைவு, அடினோமாவில் கொஞ்சம், டிஸ்பிளேசியா எனப்படும் செல் ஒழுங்கின்மையில் அதிகம், புற்றில் மிக அதிகம். படம் வரைந்தால் அழகான ஏறுவரிசை கிடைக்கும். அதைப் பார்த்ததும் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு நோய் ஏறுகிறது என்று மனம் தானாகவே கதை கட்டிக்கொள்கிறது.

அந்தக் கதையில் மூன்று ஓட்டைகள் உண்டு. முதலாவது தர்க்கத்தில். நான்கு வெவ்வேறு மனிதர்களின் திசுக்களில் ஒரு புரதம் நான்கு அளவில் இருக்கிறது என்பதால், ஒருவரின் திசு அந்த நான்கு நிலைகளையும் கடந்து போகும் என்று ஆகிவிடாது. இரண்டாவது அழற்சியில். கல் உறுத்திப் புண்ணான பித்தப்பையின் சவ்வு தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேகமாகப் பெருகும்; அங்கே கேஐ-67 உயர்வது இயல்பு. சேதத்துக்கு எதிர்வினையாக இயல்பான பி53 கூடச் சற்றே குவியக்கூடும். பழைய ஆய்வுகள் நூற்றுக்கு ஐந்து செல் அல்லது பத்து செல் நிறமேறினால் 'பாசிட்டிவ்' என்று எழுதின. இப்போதைய நோயியல் மருத்துவர்கள் பி53ஐ எண்ணிக்கையாகப் படிப்பதில்லை, கோலமாகப் படிக்கிறார்கள்: அங்கங்கே மெலிதாகத் தெரிந்தால் இயல்பு, எல்லா உட்கருக்களிலும் அடர்த்தியாக ஏறினாலோ, முற்றிலும் மறைந்து போனாலோ பிறழ்வு. இந்தக் கண்ணோடு பார்த்தால் பழைய 'பாசிட்டிவ்' அடினோமாக்களில் எத்தனை நிலைக்கும் என்பது சந்தேகமே. மூன்றாவது, சிஇஏவும் சிஏ 19-9உம் இயல்பான பித்தச் சவ்விலேயே உள்ளவை. செல்லின் மேல் விளிம்பில் மட்டும் தெரிகிறதா, உள்ளே முழுக்கப் பரவியிருக்கிறதா என்பதில்தான் ஏதாவது செய்தி இருக்கும். இருக்கிறதா இல்லையா என்ற கணக்கில் ஒன்றும் இல்லை.

கொசுகாவின் 15 எச்சங்கள் மீதும் கேள்வி எழுந்தது. புற்றின் ஓரத்தில் ஒழுங்கான சுரப்பிகள் தெரிந்தால் அவை பழைய அடினோமாவின் மிச்சமாகவும் இருக்கலாம், அதே புற்றின் நன்கு முதிர்ந்த ஒரு பகுதி அடினோமா வேடம் போட்டதாகவும் இருக்கலாம். சாதாரண ஊதா-இளஞ்சிவப்புச் சாயத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது.

இரண்டாம் விடை: உறவே இல்லை

எதிர்நிலைப்பாட்டை முன்வைத்தவர்களில் முக்கியமானவர் ஹோர்ஹே அல்போரெஸ்-சாவெத்ரா. மெக்சிகோவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவர், பித்தப்பை நோயியலில் ஒரு தலைமுறைக்கு ஆசான். பித்தப்பைப் புற்றின் பெரும்பகுதி தட்டையான டிஸ்பிளேசியாவிலிருந்து வருகிறது, அடினோமா தனி வழி என்பது அவருடைய தரப்பு. 1999இல் விஸ்டூபாவோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வின் தலைப்பே தீர்ப்பை அறிவித்துவிட்டது: அடினோமாக்களின் மூலக்கூறுப் பிறழ்வுகள் புற்றில் உள்ளவற்றிலிருந்து வேறானவை. புற்றில் அடிக்கடி சிதைந்திருக்கும் பி53 மரபணு அடினோமாக்களில் சிதையவில்லை. மாறாகச் சிலவற்றில் கேராஸ் என்ற மரபணு பிறழ்ந்திருந்தது.

இந்தத் தரப்புக்கு வலுவான சான்றைத் தந்தது பீட்டா-கேட்டெனின். சற்று நின்று பார்க்க வேண்டிய புரதம் இது. இயல்பாக இது செல்லின் விளிம்பில், பக்கத்துச் செல்லோடு கைகோர்க்கும் இடத்தில் இருக்கும். மிஞ்சியதைச் செல் குறியிட்டு அழித்துவிடும். அந்தக் குறி விழும் இடம் மரபணுவின் மூன்றாம் எக்ஸான் எனப்படும் துண்டில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே பிறழ்ந்தால் குறி விழாது. புரதம் அழியாமல் உட்கருவுக்குள் புகுந்து, பெருக்கத்தைத் தூண்டும் மரபணுக்களை முடுக்கிவிடும். ஆகவே இங்கே சாயத்தின் அளவைவிட இடம் பேசுகிறது: விளிம்பில் பழுப்பு என்றால் இயல்பு, உட்கருவில் பழுப்பு என்றால் பிறழ்வு. பார்ப்பவரின் தயவில் நிற்கும் ஐந்து விழுக்காடு, பத்து விழுக்காடு என்ற கோடுகள் இதற்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் யானகிசாவா குழுவினர் அடினோமாக்களில் பத்தில் ஆறு அளவுக்கு இந்தப் பிறழ்வைக் கண்டார்கள். புற்றுகளிலோ அது இருபதில் ஒன்று அளவுதான். முதல் தரப்பின் ஏணி சரியென்றால் கீழ்ப்படியில் இருப்பது மேல்படியிலும் இருக்க வேண்டும். தாயிடம் பெரும்பாலும் இருக்கும் மச்சம் பிள்ளைகளில் ஏறக்குறைய யாரிடமும் இல்லையென்றால் தாயுறவைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். இரு வேறு பரம்பரைகள் என்பதே அவர்கள் முடிவு. மறு ஆண்டு கொரியாவிலிருந்து வந்த ஆய்வும், உட்கரு பீட்டா-கேட்டெனின் அடினோமாவின் அடையாளம் என்ற பக்கமே சாய்ந்தது.

நோய் பரவியிருக்கும் நிலப்படமும் இந்தத் தரப்புக்குத் துணை. பித்தப்பைப் புற்று மிகுந்த சிலியின் தெற்குப் பகுதியிலும், இந்தியாவில் உத்தரப் பிரதேசம், பிகார் வழியாக அசாம் வரை நீளும் கங்கை-பிரம்மபுத்திரா சமவெளியிலும், புற்று கற்களோடும் நீண்டகால அழற்சியோடும் கைகோர்த்து வருகிறது. தமிழ்நாடு உள்ளிட்ட தென்னிந்தியாவில் இந்தப் புற்று ஒப்பீட்டளவில் குறைவு. சிலியின் நோயியலாளர்கள் டிஸ்பிளேசியாவிலிருந்து முற்றிய புற்று வரை சுமார் 15 ஆண்டு ஆகும் என்று மதிப்பிட்ட பாதையில் அடினோமாவுக்கு இடமே அரிது. கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய மருத்துவ அமைப்பின் பதிவேடுகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், பாலிப் இருந்த ஏறத்தாழ 36,000 பேரில் பித்தப்பைப் புற்று வந்தவர்கள் 19 பேர், அதாவது 0.053 விழுக்காடு. பாலிப் இல்லாதவர்களில் 0.054 விழுக்காடு. ஏறத்தாழ ஒரே எண்.

இந்த எண்ணை இரண்டாம் தரப்பின் வெற்றியாகக் கொண்டாட வேண்டாம். அந்த 36,000 பாலிப்களில் மிகப் பெரும்பாலானவை கொலஸ்ட்ரால் குவியல்களாகவே இருந்திருக்கும். பெரியவற்றில் பல அறுத்தெடுக்கப்பட்டும் இருக்கும். அடினோமாவைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லவில்லை. பாலிப் என்ற கூடையின் குழப்பம் இங்கேயும் வந்து நிற்கிறது.

இந்தத் தரப்பின் பலவீனம் வேறிடத்தில். அவர்கள் ஆராய்ந்தவை பெரும்பாலும் சிறிய, பைலோரிக் வகை அடினோமாக்கள். அவை சாதுவானவை என்று காட்டிவிட்டு எல்லா அடினோமாக்களுக்கும் அந்த நற்சான்றை நீட்டினார்கள். இரண்டு சென்டிமீட்டர், மூன்று சென்டிமீட்டர் வளர்ந்து பையை நிரப்பும் காம்புக் கட்டிகள் கணக்குக்கு வெளியே நின்றன.

மூன்றாம் விடை: பெயரைத் திருத்து

அந்த வெளியே நின்றவற்றை உள்ளே கொண்டுவந்தது 2012இல் அட்சாய் தலைமையிலான குழு. ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத, பையின் உள்வெளியில் வளரும் புத்துருக் கட்டிகள் 123ஐத் திரட்டி, அடினோமா, பாப்பிலோமா என்ற பழைய பெயர்களை ஓரங்கட்டி, எல்லாவற்றுக்கும் ஐசிபிஎன் (பித்தப்பை உள்வெளிப் பாப்பிலரி-குழல் புத்துருக் கட்டி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற ஒரே பெயரை முன்மொழிந்தார்கள். அவற்றில் பாதிக்குமேல், 55 விழுக்காட்டில், ஊடுருவிய புற்று உடனிருந்தது. அதுவரை 'தீங்கற்றது' என்ற சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்தியவர்களுக்கு அது குளிர்நீர்.

புரதக் குறிப்பான்களுக்கு இங்கே வேறு வேலை கொடுக்கப்பட்டது. தீங்கானதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பணியிலிருந்து விடுவித்து, எந்தக் குடும்பம் என்று அடையாளம் காட்டும் பணியில் அமர்த்தினார்கள். எம்யூசி6 என்ற மியூசின் (சளிப் புரதம்) பைலோரிக் சுரப்பியின் அடையாளம், எம்யூசி5ஏசி இரைப்பையின் மேற்புறச் சவ்வுக்கு, எம்யூசி2, சிடிஎக்ஸ்2 இரண்டும் குடலுக்கு, எம்யூசி1 பித்தநாளத்துக்கு. பித்தநாள வகையும் இரைப்பை மேற்புற வகையும் ஊடுருவலோடு அதிகம் சேர்ந்து வந்தன. ஆக, சாயம் எதிர்காலத்தை மறைமுகமாகச் சொல்கிறது: குலம் தெரிந்தால் குணம் ஓரளவு தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வகைப்பாடு நடுவழியில் போனது. பைலோரிக் சுரப்பி அடினோமாவைத் தனி நோயாக வைத்து, ஐசிபிஎன்னை வேறு பெயராக அங்கீகரித்தது. அடுத்த சில ஆண்டுகளில் இன்னொரு பிரிப்பும் நடந்தது. காம்பில் தொங்கும், மியூசின் சுரக்காத சிறு குழல் சுரப்பிகள் நெருக்கமாக அடுக்கிய கட்டிகளில் எம்யூசி6 ஏறியது; எம்யூசி5ஏசி ஏறவில்லை; பீட்டா-கேட்டெனின் உட்கருவில் இருந்தது. பார்வைக்குக் கடுமையான ஒழுங்கின்மை தெரிந்தும் அவை ஊடுருவவில்லை. ஐசிடிஎன் (பித்தப்பை உள்வெளியில் வளரும், மியூசின் சுரக்காத குழல் கட்டி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பெயரிட்டு, ஊடுருவலை எதிர்த்து நிற்கும் கட்டி என்றே விவரித்தார்கள். அதாவது யானகிசாவாவின் அடினோமாக்கள் சிலவற்றுக்கு இருபது ஆண்டு கழித்துத் தனி வீடு கிடைத்தது.

பைலோரிக் அடினோமா என்ற பெயருக்கே சோதனை வைத்தது 2018இல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வு. இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றில் வரும் பைலோரிக் அடினோமாக்களில் ஜிஎன்ஏஎஸ், கேராஸ் மரபணுக்களின் பிறழ்வுகள் மிகுதி. பித்தப்பையின் பைலோரிக் அடினோமாவில் அந்தக் கையெழுத்து இல்லை, அங்கே பீட்டா-கேட்டெனின்தான். பெயரும் முகமும் ஒன்று, வம்சம் வேறு.

மூன்றாம் விடையிலும் குறை இல்லாமல் இல்லை. ஒரு சென்டிமீட்டர் என்ற கோட்டை வரைந்தது இயற்கை இல்லை, ஆய்வாளர்கள். ஒன்பது மில்லிமீட்டர் கட்டிக்கும் பதினோரு மில்லிமீட்டர் கட்டிக்கும் பெயர் மாறும் வகைப்பாடு நடைமுறைக்குத் தோது. உயிரியலுக்கு விளக்கம் ஆகாது. சிறப்பு மையங்களிலிருந்து திரட்டிய தொகுதியில் சிக்கலானவை கூடுதலாக வந்து சேர்வதும் இயல்பே. 55 விழுக்காடு என்ற எண்ணை மாவட்ட மருத்துவமனையில் கிடைக்கும் அடுத்த பாலிப்புக்கு அப்படியே பொருத்துவது முறையாகாது.

பதினைந்தின் கணக்கு

இவற்றுக்கெல்லாம் இணையாக, பெரும்பாலும் சீனாவிலிருந்து, இன்னொரு ஓடை பாய்கிறது. ஹூனான் மாகாணத்திலிருந்து வந்த ஒரு கட்டுரை வரிசையை எடுத்துக்கொள்ளலாம். 108 அடினோகார்சினோமா, 46 புற்றருகுத் திசு, 15 அடினோமா பாலிப், 35 நீடித்த அழற்சி. இந்தத் தொகுதியின் மேல் ஒவ்வொரு கட்டுரையும் புதியதாக ஓரிரு புரதங்களைச் சாயமேற்றிப் பார்க்கிறது. புற்றில் கூடுதல், மற்ற மூன்றிலும் குறைவு. சாயமேறிய தீங்கற்ற திசுக்களில் நடுத்தர அல்லது கடும் டிஸ்பிளேசியா இருந்தது. எனவே இந்தப் புரதம் புற்றாக்கத்தில் பங்கு வகிக்கலாம். புரதத்தின் பெயர் மாறும், முடிவின் வாய்ப்பாடு மாறாது.

உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. அரிய நோய்க்கு 108 புற்றுகளைத் திரட்டுவதே பெரிய காரியம். கேள்வி அந்த 15ஐப் பற்றியது. 15இல் ஒரு பாலிப் என்பது 6.7 விழுக்காடு. மூன்றில் சாயம் ஏறினால் கட்டுரை 20 விழுக்காடு என்று எழுதும். அதன் 95 விழுக்காடு நம்பக எல்லையோ ஏறத்தாழ 4 முதல் 48 வரை நீளும். ஒன்றில்கூட ஏறாவிட்டாலும், உண்மை விகிதம் 20 விழுக்காடு வரை இருக்க இடமுண்டு. 108க்கும் 15க்கும் இடையே 'குறிப்பிடத்தக்க வேறுபாடு' என்று புள்ளியியல் சொல்வது புற்றைப் பற்றிய செய்தி. பாலிப்பைப் பற்றி அது ஏறக்குறைய மௌனம்.

அடுத்தது ஒரு வட்டவாதம். கடும் டிஸ்பிளேசியா உள்ள பாலிப்பைத் 'தீங்கற்ற' பத்தியில் வைத்துவிட்டு, அதில் புற்றுப் புரதம் தெரிகிறது என்றால் வியப்பதற்கு என்ன இருக்கிறது? அதைப் பத்தியிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சும் எண்ணிக்கை பத்தா, பன்னிரண்டா? தவிர, ஒரே 15 கட்டைகளில் இருபது புரதங்களைப் பார்த்தால் தற்செயலாகவே ஒன்று வேறுபட்டுத் தெரியும் வாய்ப்பு உண்டு. வேறுபடாதவை அச்சுக்கு வருவதும் அரிது.

புற்றுக்கும் அழற்சிக்கும் இடையே பிரித்துக்காட்டுவதில் எஸ்100பி (S100P), ஐஎம்பி3, மாஸ்பின் ஆகிய மூன்றும் மற்றவற்றைவிட நன்றாகத் தேறியுள்ளன. சிறு பயாப்ஸியில் கிடைத்த ஐந்தாறு சுரப்பிகளைப் பார்த்துத் தயங்கும் நோயியல் மருத்துவருக்கு அவை உதவும். அவையும் எபிதீலியம் கெட்ட வழியில் போய்விட்டதா என்பதற்குத்தான் சாட்சி. அடினோமா அந்த வழியில் போகுமா என்பதற்கு இல்லை. ஹெர்2 புரதத்தின் கதையும் அப்படியே. புற்றுகளில் பத்தில் ஒன்று என்ற அளவில் மிகையாகத் தெரியும் அது, இன்று மருந்துக்கு இலக்கு. பித்தநாளப் பாதைப் புற்றுக்காக ஜானிடடாமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2024இல் ஒப்புதல் தந்தது. சாதுவான அடினோமாவில் அதைத் தேடிப் பயன் கண்டவர் குறைவு.

எபிதீலியம் அல்லாத கட்டிகள்

இங்கே வழக்கே இல்லை என்பதால் விரைந்து கடக்கலாம். குருணைச் செல் கட்டியில் எஸ்100 புரதம் ஏறும் (மேலே சொன்ன எஸ்100பி வேறு, பெயர் ஒற்றுமையில் ஏமாந்தவர்கள் உண்டு). மென்தசைக் கட்டியில் டெஸ்மின், பாராகாங்லியோமாவில் குரோமோகிரானினும் சினாப்டோஃபிசினும். குறிப்பான் கேட்கப்படுவது 'நீ எந்த ஊர்?' என்று மட்டும். அதற்கு அது தெளிவாகப் பதில் சொல்கிறது. தன் திறமைக்கு ஏற்ற கேள்வி கேட்கப்பட்டால் ஐஎச்சி எவ்வளவு நம்பகமானது என்பதற்கு இவை நல்ல எடுத்துக்காட்டு.

கத்திக்கு முன், கத்திக்குப் பின்

நோயாளிக்கு இதனால் என்ன? பெருங்குடலில் பாலிப்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டு உறுப்பை விட்டுவிடலாம். பித்தப்பையில் பாலிப்பைத் தனியாக எடுப்பது வழக்கமில்லை. பை முழுதும் வெளியே வந்த பிறகுதான் சாயமேற்றத் திசு கிடைக்கும். எடுக்கலாமா வேண்டாமா என்ற முடிவுக்கு உதவ வேண்டிய சோதனை, முடிவு நிறைவேறிய பின்னரே கைக்கு வருகிறது.

அதனால்தான் வழிகாட்டுதல்களில் புரதங்களின் பெயரே இல்லை. 2022இல் திருத்தப்பட்ட ஐரோப்பியக் கூட்டு நெறிமுறை மில்லிமீட்டரில் பேசுகிறது: 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் அறுவை, 6 முதல் 9 வரை இருந்து, வயது 60க்கு மேல், ஸ்கிளீரோசிங் கோலன்ஜைடிஸ் என்ற பித்தநாள நோய், ஆசிய இனம், காம்பில்லாமல் சுவரோடு ஒட்டிய வடிவம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தாலும் அறுவை. அதே ஆண்டு அமெரிக்க அல்ட்ராசவுண்ட் கதிரியலாளர்களின் ஒருமித்த கருத்தோ, ஆபத்து மிகக் குறைந்த தோற்றமுள்ள பாலிப்களுக்கு 15 மில்லிமீட்டர் வரை பொறுக்கலாம் என்கிறது. 'ஆசிய இனம்' என்ற பெட்டியில் வாரணாசியும் சென்னையும் ஒன்றாக அடைபட்டிருப்பது, கங்கைச் சமவெளிக்கும் தெற்குக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவர்களுக்கு உறுத்தும்.

அறுவைக்குப் பின் குறிப்பான்களுக்கு வேலை உண்டு. உட்கருவில் பீட்டா-கேட்டெனின், எம்யூசி6 உண்டு, எம்யூசி5ஏசி இல்லை, பி53 இயல்புக் கோலம் என்று வந்தால் நோயியல் மருத்துவர் ஓரளவு நிம்மதியோடு கையெழுத்திடலாம். பி53 அடர்த்தியாக ஏறினால் மீதித் திசுவையெல்லாம் வெட்டி, எங்காவது ஊடுருவல் ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். சாயம் அங்கே தீர்ப்பெழுதுவதில்லை, தேடுதல் ஆணை தருகிறது. அதைவிட முதன்மையானது கட்டியை முழுவதுமாகச் சீவிப் பார்ப்பது. ஒரு மூலையில் இருக்கும் மூன்று மில்லிமீட்டர் ஊடுருவலைத் தவறவிட்ட அறிக்கையை எந்த எதிர்ப்பொருளும் காப்பாற்றாது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

எல்லா அடினோமாவும் புற்றின் முன்படி என்ற முதல் விடையை இன்று அப்படியே ஏற்பவர் குறைவு. எந்த அடினோமாவுக்கும் புற்றோடு உறவில்லை என்ற இரண்டாம் விடையும் பெரிய காம்புக் கட்டிகளின் முன் நிற்கவில்லை. குறைந்தது இரண்டு பாதைகள் உண்டு என்பது பெரும்பாலும் ஏற்கத்தக்கது: பீட்டா-கேட்டெனின் வழி வளர்ந்து பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும் கட்டிகள், பித்தநாள, இரைப்பை மேற்புறக் குணங்களோடு வளர்ந்து ஊடுருவக்கூடிய கட்டிகள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு போக்குவரத்து என்பது தெளிவாகவில்லை. ஒரே கட்டியின் சாதுவான பகுதியையும் புற்றான பகுதியையும் தனித்தனியே சுரண்டி மரபணு வரிசை பார்க்கும் ஆய்வுகள் பெருகினால் ஒழிய, பல மனிதர்களின் திசுக்களை வரிசையாக நிறுத்திக் கதை சொல்லும் பழக்கம் போகாது. அதற்குப் பல நாட்டு மையங்கள் ஒரே அளவுகோலோடு அடினோமாக்களைச் சேர்க்க வேண்டும். பதினைந்து பதினைந்தாகத் தனித்தனி அலமாரிகளில் இருக்கும்வரை நம்பக எல்லைகள் குறுகப் போவதில்லை.

எல்லாவற்றையும்விட விடாமல் உறுத்தும் புதிர் அந்த ஒரு புரதம்தான். பித்தப்பைக்கு மேலே ஒட்டிக்கிடக்கும் கல்லீரலிலும் அடினோமா வரும். கருவில் இரண்டு உறுப்புகளும் முன்குடலின் ஒரே மொட்டிலிருந்து கிளைத்தவை. கல்லீரல் அடினோமாவில் பீட்டா-கேட்டெனினின் அதே மூன்றாம் எக்ஸான் பிறழ்ந்திருந்தால், அது புற்றாகும் ஆபத்து மிகுந்த வகை என்று எச்சரித்து அறுவைக்கு அனுப்புகிறார்கள். பெருங்குடலிலோ இதே பாதை முடுக்கப்படுவதுதான் புற்றின் முதல் படி. பித்தப்பையில் மட்டும் அதே பிறழ்வு, அதே உட்கருப் பழுப்பு, சாதுவான கட்டிக்கு அடையாளமாக நிற்கிறது. பித்தப்பைச் செல் அந்தத் தூண்டுதலை எங்கே, எதைக்கொண்டு தடுத்து நிறுத்துகிறது என்பதற்கு இன்னும் விடை வரவில்லை.